55 வயதில் இபிஎப் பணத்தை எடுத்து ஏஐ ஃபண்டில் போடலாமா?

கேள்வி: எனக்கு வயது 53. பிறையில் தொழிற்சாலை சூப்பர்வைசர். இபிஎப்-இல் (ஊழியர் சேமநிதி) 520,000 ரிங்கிட் இருக்கிறது. மகன் பாயான் லெப்பாஸில் சிப் தொழிற்சாலை எஞ்சினியர். மகள் கோலாலம்பூரில் அமெரிக்கன் டிகிரி டிரான்ஸ்பர் படிக்கிறாள்; இரண்டு ஆண்டில் அமெரிக்கா போக வேண்டும். கோயில் கமிட்டியில் பழக்கமான யூனிட் டிரஸ்ட் (பலர் பணத்தைச் சேர்த்து முதலீடு செய்யும் ஃபண்ட்) ஏஜெண்ட் ஒருவர், “ஏஐ (செயற்கை நுண்ணறிவு), டிரம்ப் வரி, போர் என்று உலகமே மாறிவிட்டது. உங்கள் இபிஎப் பணம் தூங்குகிறது. தோட்டங்களைத் துண்டாடியபோதும் நம்மாள் லேட்டு, இப்போதும் லேட்டு” என்கிறார். இப்போது 20,000 ரிங்கிட்டை ஏஐ ஃபண்டுக்கு மாற்றிவிட்டு, 55 ஆனதும் மீதியை எடுத்துப் போடச் சொல்கிறார். மகனும் சிப் பங்குகள்தான் எதிர்காலம் என்கிறான். என்ன செய்வது? (வாசகர், பட்டர்வொர்த்)

பதில்: ஐயா, ஏஜெண்ட் நீட்டும் ஃபண்ட் மாற்றப் பாரத்தில் கையெழுத்துப் போடாதீர்கள். 55 ஆனதும் பணத்தை எடுக்கவும் வேண்டாம். மகள் படிப்புச் செலவு மட்டும் தனி விஷயம், அதற்குப் பிறகு வருகிறேன்.

பணம் தூங்குகிறது என்ற பேச்சை முதலில் பார்ப்போம். இபிஎப் 2022க்கு 5.35 விழுக்காடு லாப ஈவு கொடுத்தது. 2023க்கு 5.50, 2024க்கு 6.30. உங்கள் 520,000-க்கு 6.30 என்றால் ஓராண்டில் 32,760 ரிங்கிட். இதற்கு நீங்கள் ஒரு செய்தித்தாள்கூடப் படிக்க வேண்டியதில்லை. வழக்கமான (ஷரியா அல்லாத) சேமிப்புக்கு 2.5 விழுக்காட்டுக்குக் குறையாமல் தர வேண்டும் என்று சட்டமே இருக்கிறது. 2024 முடிவில் இபிஎப் நிர்வகித்த சொத்து 1.25 டிரில்லியன் ரிங்கிட். அதில் மூன்றில் ஒரு பங்குக்கு மேல் வெளிநாட்டு முதலீடு. உலகம் மாறுவதால் வரும் லாபத்திலும் நட்டத்திலும் உங்கள் பணத்துக்கு ஏற்கனவே பங்கு உண்டு. அதைக் கவனிக்கச் சம்பளம் வாங்கும் ஆட்களும் அங்கே இருக்கிறார்கள்.

சரி, உலகம் மாறவில்லையா? மாறுகிறது. ஏஜெண்ட் அதில் பொய் சொல்லவில்லை. ஆனால் மாற்றம் வரும் என்று சரியாகக் கணிப்பது ஒன்று, அதில் காசு பார்ப்பது வேறு. 2020இல் கோவிட் வந்தபோது கையுறைக்குக் கிராக்கி வரும் என்று பசார் மாலாமில் கடை போட்டவருக்குக்கூடத் தெரியும். கணிப்பு நூற்றுக்கு நூறு சரி. கையுறை நிறுவனமான டாப் குளோவின் பங்கு அந்த ஆண்டு அக்டோபரில் 9 ரிங்கிட்டைத் தாண்டியது. நவம்பர் 9ஆம் தேதி ஃபைசர் தடுப்பூசிச் செய்தி வந்தது. இரண்டு ஆண்டு கழித்து அதே பங்கு ஒரு ரிங்கிட்டுக்கும் கீழே. 8 வெள்ளிக்கும் 9 வெள்ளிக்கும் வாங்கியவர்களுக்கு உலக நடப்பு தெரியாமல் இல்லை. எல்லாருக்கும் தெரிந்த விஷயம் விலையில் முன்பே ஏறிவிட்டது, அவ்வளவுதான்.

பினாங்குக்காரருக்கு இன்னும் பக்கத்தில் ஓர் உதாரணம் இருக்கிறது. இன்டெல் 1972இல் பாயான் லெப்பாஸுக்கு வந்தது. அமெரிக்காவுக்கு வெளியே அந்த நிறுவனம் தொடங்கிய முதல் தொழிற்சாலை அது. சிப் இல்லாமல் உலகம் நகராது என்பது அன்றைக்கும் உண்மை, இன்றைக்கும் உண்மை. அப்படியிருந்தும் ஏஐ அலை உச்சத்தில் இருந்த 2024 ஆகஸ்ட் 2ஆம் தேதி இன்டெல் பங்கு ஒரே நாளில் 26 விழுக்காடு சரிந்தது. அதே ஆண்டு நவம்பரில் அமெரிக்கப் பங்குச் சந்தையின் டவ் ஜோன்ஸ் குறியீட்டிலிருந்து இன்டெலை எடுத்துவிட்டு, ஏஐ சிப் நிறுவனமான என்விடியாவைச் சேர்த்தார்கள். சரி, என்விடியாதான் பாதுகாப்பா? 2025 ஜனவரி 27ஆம் தேதி சீனாவின் டீப்சீக் என்ற ஏஐ பற்றிய செய்தி பரவியதும் என்விடியா ஒரே நாளில் 17 விழுக்காடு இறங்கியது. ஆகஸ்டில் அமெரிக்க அரசாங்கமே இன்டெலில் பத்து விழுக்காடு அளவுக்குப் பங்கு வாங்கியது, இன்டெல் பங்கு மளமளவென்று ஏறியது. வாஷிங்டனில் எடுக்கும் இப்படிப்பட்ட முடிவை உங்கள் ஏஜெண்டும் என் போன்ற ஆலோசகரும் எந்தக் காலத்தில் முன்கூட்டியே சொல்லிவிடப் போகிறோம்?

வரி விவகாரமும் இதே கதைதான். 2025 ஏப்ரலில் மலேசியப் பொருள்களுக்கு அமெரிக்கா போடும் வரி 24 விழுக்காடு என்றார்கள், ஜூலையில் 25, ஆகஸ்டில் 19. ஒவ்வொரு எண்ணுக்கும் ஓடி ஓடி விற்று வாங்கியிருந்தால் கமிஷன் வாங்கியவர் மட்டும்தான் சம்பாதித்திருப்பார்.

மகன் யோசனையை நான் வேறு காரணத்துக்காக மறுக்கிறேன். அவன் சம்பளம், போனஸ், ஓவர்டைம் எல்லாம் சிப் தொழிலை நம்பி இருக்கின்றன. பிறையில் உங்கள் தொழிற்சாலையும் அந்தக் காற்றுக்கு அசையும். பட்டர்வொர்த் வீட்டின் விலையும் பினாங்கில் வேலை இருக்கும்வரைதான். 2001இல் டாட்காம் சரிவின்போது பாயான் லெப்பாஸில் ஆட்குறைப்பு நடந்தது உங்களுக்கே நினைவிருக்கும். குடும்பத்தின் சம்பளம் ஆடுகிற அதே நாளில் சேமிப்பும் ஆட வேண்டுமா? தம்பி தன் சொந்தக் காசில், தொலைந்தாலும் தாங்கக்கூடிய அளவுக்கு வாங்கிக்கொள்ளட்டும், தப்பில்லை. அப்பாவின் ஓய்வுக்காலப் பணம் அதற்கு வேண்டாம்.

இனி ஏஜெண்ட் விஷயம். அவர் ஏமாற்றுக்காரர் என்று நான் சொல்லவில்லை. 2017இல் இதே பினாங்கில் ஜேஜேபிடிஆர் என்ற மோசடி முதலீட்டுத் திட்டம் மாதம் 20 விழுக்காடு தருவதாகச் சொல்லி எத்தனை பேர் பணத்தோடு போனது என்று பார்த்தோமே, அது வேறு ரகம். உங்களவர் லைசென்ஸ் உள்ளவராகவே இருப்பார், யூனிட் டிரஸ்ட் ஏஜெண்டுகளைப் பதிவு செய்யும் ஃபிம் (FIMM) இணையதளத்தில் பெயரைத் தட்டிப் பார்த்துவிடுங்கள். ஆனால் கணக்கைப் பாருங்கள். இபிஎப் திட்டத்தில், வயதுக்கேற்ப இபிஎப் நிர்ணயிக்கும் அடிப்படைச் சேமிப்புக்கு மேல் உள்ள தொகையில் 30 விழுக்காடு வரை ஃபண்டுக்கு மாற்றலாம். ஏஜெண்ட் மூலம் போனால் விற்பனைக் கட்டணம் 3 விழுக்காடு வரை. 20,000-க்கு 600 ரிங்கிட் முதல் நாளே போய்விடும். அதே மாற்றத்தை இபிஎப்-இன் ஐ-இன்வெஸ்ட் வழியாக நீங்களே போனில் செய்தால் அரை விழுக்காட்டுக்கு மேல் வாங்கக் கூடாது, அதாவது 100 ரிங்கிட். இதை அவர் உங்களிடம் சொன்னாரா?

அவர் கண் இந்த 20,000-இல் இல்லை ஐயா, 55இல் இருக்கிறது. பணத்தை ரொக்கமாக எடுத்துவிட்டால் இபிஎப் போட்ட 3 விழுக்காட்டு வரம்பு உங்களைக் காக்காது. யூனிட் டிரஸ்டில் ரொக்க முதலீட்டுக்கு 5 விழுக்காடு வாங்குவது சர்வ சாதாரணம். 300,000 போட்டால் 15,000 ரிங்கிட் அன்றைக்கே காலி. அப்புறம் ஆண்டுதோறும் நிர்வாகக் கட்டணம். ஒன்றரை விழுக்காடு என்றால் 4,500. ஃபண்ட் ஏறினாலும் இறங்கினாலும் அது போய்க்கொண்டே இருக்கும், ஏஜெண்டுக்கும் அதில் ஒரு பகுதி உண்டு. ஐம்பத்துமூன்று, ஐம்பத்துநான்கு வயதுக்காரர்களைத் தேடி வந்து இப்போதே சின்னத் தொகையில் பழக்கப்படுத்துவது ஏன் என்று இப்போது புரிகிறதா?

சில மாதங்களுக்கு முன் செந்தூலில் இருந்து ஓர் அம்மா தன் பாரங்களை என் பிரிக்பீல்ட்ஸ் அலுவலகத்துக்குக் கொண்டுவந்தார். கையெழுத்துப் போட வேண்டிய இடங்களில் பென்சிலால் சின்னச் சின்னப் பெருக்கல் குறி. ‘எவ்வளவு ஆபத்தைத் தாங்குவீர்கள்’ என்ற கேள்விக்கு நீலப் பேனாவில் ‘மிக அதிகம்’ என்று டிக் விழுந்திருந்தது. அம்மா கையெழுத்தோ கறுப்புப் பேனா. “அந்தக் கேள்வி எதுவும் என்கிட்ட கேட்கலையே” என்றார். கணவரை இழந்தவர், வேறு வருமானம் இல்லை. அவர் போட்ட பணத்தில் கால்வாசி போயிருந்தது. புகார் கொடுத்தால் முதலில் பார்ப்பது அந்த டிக்கைத்தான். விளக்கத் தாள் ஆங்கிலத்தில், பாரம் மலாயிலும் ஆங்கிலத்திலும். தமிழ்ப் பள்ளியில் ஆறாம் வகுப்போடு நின்ற ஒரு பெண்ணிடம் இதை நீட்டிவிட்டு, ‘படித்துப் புரிந்துகொண்டேன்’ என்று கையெழுத்து வாங்குவதை விதிமுறை நிறைவேறியதாகக் கணக்கு வைக்கிறார்கள். எத்தனையோ ஆண்டுகளாக இதைப் பார்க்கிறேன், பார்க்கும்போதெல்லாம் வயிறு எரிகிறது.

‘நம்மாள் எப்போதும் லேட்டு’ என்ற பேச்சுக்கும் பதில் சொல்ல வேண்டும், ஏனென்றால் அது உங்களைச் சுட்டிருக்கிறது. சுதந்திரத்துக்குப் பிறகு வெள்ளைக்கார முதலாளிகள் ரப்பர் தோட்டங்களை விற்க, வாங்கியவர்கள் துண்டு போட, நம் ஆட்கள் வீடும் வேலையும் இழந்தார்கள். 1960இல் ம.இ.கா. தலைவராக இருந்த துன் சம்பந்தன் தேசிய நில நிதிக் கூட்டுறவுச் சங்கத்தைத் தொடங்கித் தோட்டம் தோட்டமாகப் போனார். பத்துப் பத்து வெள்ளியாகச் சேர்த்துத் தொழிலாளர்கள் தோட்டங்களையே வாங்கினார்கள். அவர்கள் லேட் இல்லை. காலங்காலமாகக் கையால் பால் மரம் வெட்டிப் பழகிய நிலத்தை வாங்கினார்கள். அந்த வரலாற்றை ஏஐ ஃபண்ட் விற்பதற்கு இழுப்பது எனக்கு ஏற்கவே முடியவில்லை.

மகள் விஷயத்துக்கு வருகிறேன். பணத்தைத் தொடாதே என்று சொல்லிவிட்டு இதற்கு மட்டும் விதிவிலக்கு தருகிறேன், ஏனென்றால் இங்கே செலவு டாலரில், உங்கள் சம்பாத்தியம் ரிங்கிட்டில். 2024 பிப்ரவரியில் ஒரு டாலர் ஏறத்தாழ 4.80 ரிங்கிட், 1998க்குப் பிறகு ரிங்கிட் அவ்வளவு கீழே போனதில்லை. அதே ஆண்டு செப்டம்பர் கடைசியில் 4.12. ஆண்டுக்கு 30,000 டாலர் செலவு என்று வைத்தால், பிப்ரவரியில் 144,000 ரிங்கிட், செப்டம்பரில் 123,600. ஏழு மாதத்தில் 20,400 வித்தியாசம். பிப்ரவரியில் பயந்துபோய் மொத்தமாக டாலர் வாங்கியவர் அவ்வளவையும் கூடுதலாகக் கொடுத்தார். அதனால் ஒரே நாளில் மாற்றாதீர்கள். மகள் கிளம்பும்வரை மூன்று மாதத்துக்கு ஒரு முறை, சம அளவில், முதல் ஆண்டுச் செலவுக்கு மட்டும் டாலர் சேருங்கள். உள்ளூர் வங்கியிலேயே வெளிநாட்டு நாணயக் கணக்கு திறக்கலாம். பிஐடிஎம் (PIDM) வைப்புத்தொகைக் காப்பீடு அதற்கும் உண்டு, ஒரு வங்கிக்கு ஒருவருக்கு 250,000 ரிங்கிட் வரை. இரண்டாம் ஆண்டுப் பணத்தை இப்போதே மாற்ற வேண்டாம். 2025 மே கடைசியில் அமெரிக்கா மாணவர் விசா நேர்காணல்களை மூன்று வாரம் நிறுத்தி வைத்தது. அப்படி ஏதாவது மறுபடி வந்து மகள் வேறு நாட்டுக்குப் போக நேர்ந்தால், கையில் மொத்தமும் டாலராக இருப்பது தொல்லை. கையிருப்பு போதவில்லை என்றால் இபிஎப்-இன் செஜாத்தெரா கணக்கிலிருந்து (ஓய்வுக்கு முன்பே சில தேவைகளுக்கு எடுக்கக்கூடிய பகுதி) கல்விக்கென்று எடுக்கலாம். ஓய்வுக்கால கணக்கைத் தொட வேண்டியதில்லை. மகள் படிப்புக்கான இந்த டாலரைப் பங்கு ஃபண்டில் போடலாமா என்று ஏஜெண்ட் கேட்பார். போடாதீர்கள். இரண்டு ஆண்டில் தேவைப்படும் பணம் அது.

உங்களை நிஜமாகவே தொடப்போகும் மாற்றம் ஒன்று இருக்கிறது, ஏஜெண்ட் அதைப் பேசவில்லை. நம் அப்பாக்கள் ஓய்வு பெற்றபோது வீட்டில் நாலு பிள்ளைகள் இருந்தார்கள். உங்களுக்கு இரண்டு பேர், ஒருத்தி அமெரிக்காவிலேயே தங்கிவிடலாம். நீங்களும் மனைவியும் 85 வயது வரை உங்கள் கையையே நம்பி வாழ வேண்டி வரலாம். தனியார் துறையில் 2013 ஜூலையிலிருந்து குறைந்தபட்ச ஓய்வு வயது 60. அதனால் 55இல் உங்களுக்குச் சம்பளம் நிற்கப் போவதில்லை, பணத்தை எடுக்க ஒரு அவசரமும் இல்லை. எடுக்காமல் வைத்தால் 100 வயது வரை லாப ஈவு வரும். பிறகு மாதாமாதம் தேவைக்கு எடுத்துக்கொள்ளலாம்.

இன்னொன்று, போகிறபோக்கில் சொல்லிவிடுகிறேன். இபிஎப்-இல் வாரிசாக யார் பெயர் இருக்கிறது என்று இந்த வாரமே பாருங்கள். முதல் வேலையில் சேர்ந்தபோது அம்மா பெயரைப் போட்டுவிட்டு அப்படியே விட்டவர்கள் ஏராளம். முஸ்லிம் அல்லாதவர் என்றால் பெயர் போட்டவருக்கே பணம் போகும், கோர்ட்டுக்கு அலைய வேண்டியதில்லை. யூனிட் டிரஸ்டில் உங்கள் பெயரில் மட்டும் இருந்தால் உங்கள் காலத்துக்குப் பிறகு, சொத்தை நிர்வகிக்கும் அதிகாரப் பத்திரத்தை மனைவி வாங்கும்வரை காத்திருக்க வேண்டும். அதற்கு எத்தனை மாதம் இழுக்கிறார்கள் என்று அனுபவித்தவர்களைக் கேளுங்கள்.

ஏஐ-இல் கொஞ்சமாவது இருக்க வேண்டும் என்று மனம் கேட்டால், ஐ-இன்வெஸ்ட் வழியாக, பல நாடு, பல தொழில் கலந்த ஒரு ஃபண்டில் 5,000 ரிங்கிட் போடுங்கள். அதற்கு மேல் வேண்டாம். கோயில் கமிட்டியில் முகம் முறிய வேண்டாம் என்று நீங்கள் தயங்குவதும் புரிகிறது. அவரிடம் வாட்ஸ்அப்பில் இரண்டே கேள்வி அனுப்புங்கள்: முதல் நாள் கட்டணம் எத்தனை ரிங்கிட், ஆண்டுக் கட்டணம் எத்தனை ரிங்கிட். விழுக்காடு வேண்டாம், ரிங்கிட்டில் எழுதித் தரச் சொல்லுங்கள். பதில் வந்ததும் அதை மகனுக்கு அனுப்பி, இருவரும் உட்கார்ந்து படியுங்கள்.