ஓரடிக்கு ஒரு நூல்

அன்புள்ள ஆசிரியருக்கு,

வணக்கம். கோவையில் ஒரு பிளாஸ்டிக் மோல்டிங் பட்டறையில் டை மேக்கராக, அதாவது அச்சு செய்பவனாக, இருக்கிறேன். பதினெட்டு வருடமாக ராத்திரி சாப்பாட்டுக்குப் பிறகு, நிஜப் பொருளை அளவு குறைத்துச் செய்யும் ஸ்கேல் மாடல் செய்கிறேன். பெரும்பாலும் 1/72 அளவில் போர் விமானங்கள். கடைசியாகச் செய்தது நம் விமானப்படையில் இருந்த நாட் என்ற சிறிய போர் விமானம்.

இந்தப் பொழுதுபோக்கைப் பற்றித் தமிழில் ஒரு புத்தகம் எழுத ஆசை. நூற்றுப்பத்து பக்கம் எழுதிவிட்டேன். முதல் மூன்று அத்தியாயம் வரலாறு, அடுத்தது கருவிகள், பிறகு பசை, பெயின்ட், டெக்கால் என்று ஒவ்வொன்றுக்கும் ஓர் அத்தியாயம். திருப்பிப் படித்தால் உயிர் இல்லை. எல்லாம்தான் வீடியோவில் இருக்கிறதே, இதை யார் படிப்பார்கள் என்று நண்பர் கேட்கிறார். ஸ்ப்ரூ, ஃப்ளாஷ், ஃபில்லர் என்பவற்றைத் தமிழில் எப்படி எழுதுவது என்பதும் குழப்பமாக இருக்கிறது.

என் அப்பா வார்ப்படப் பட்டறையில் பேட்டர்ன் மேக்கர். அவருடைய ஸ்டீல் ஸ்கேலைப் பள்ளிக்கு எடுத்துப்போய்க் கோடு போட்டு, அளவெல்லாம் தப்பு என்று அடி வாங்கியிருக்கிறேன். அளவு மேல் எனக்குள்ள பிடிவாதம் அங்கிருந்து வந்ததோ என்னவோ. இது புத்தகத்துக்கு வேண்டாத சங்கதி, உங்களிடம் சொல்லத் தோன்றியது.

கே.

அன்புள்ள கே.,

கடைசிப் பத்தி புத்தகத்துக்கு வேண்டாத சங்கதி என்கிறீர்கள். நான் நிமிர்ந்து உட்கார்ந்தது அந்தப் பத்தியில்தான். உங்கள் முதல் பக்கம் அது.

வார்ப்பு வேலை தெரியாதவர்களும் இதைப் படிப்பார்கள் என்பதால் கொஞ்சம் விளக்கிவிடுகிறேன். உருக்கி ஊற்றிய இரும்பு ஆறும்போது சுருங்கும். வார்ப்பிரும்பு என்றால் சுமார் நூற்றுக்கு ஒரு பங்கு. அதனால் அச்சு எடுக்க மரத்தில் செதுக்கும் மாதிரியை, அதாவது பேட்டர்னை, அந்த அளவுக்குப் பெரிதாகச் செய்ய வேண்டும். ஒவ்வோர் அளவுக்கும் உட்கார்ந்து கணக்குப் போட்டால் வேலை ஓடாது. ஆகவே ஸ்கேலையே நீட்டிவிட்டார்கள். பேட்டர்ன் மேக்கரின் ஸ்கேலில் ஓரடி என்று இருப்பது உண்மையில் ஓரடியும் ஒரு நூலும் (அங்குலத்தில் எட்டில் ஒரு பங்கு). வாத்தியாருக்குத் தப்பாகத் தெரிந்தது உங்கள் அப்பாவின் பட்டறையில் சரியான அளவு.

அப்பா, வார்ப்பு சரியாக வருவதற்காக ஒரு நூல் கூட்டிச் செதுக்கினார். மகன் எழுபத்திரண்டில் ஒன்றாகக் குறைத்து, அது நிஜம் போலத் தெரிய வேண்டும் என்று ராத்திரி கண் விழிக்கிறார். இதைச் சொல்லிவிட்டு ஸ்கேல் மாடல் என்றால் என்ன என்று விளக்கத் தொடங்குங்கள், எந்த வாசகரும் கூட வருவார். ஆறடி ஓர் அங்குலமாகிறது, அதுதான் 1/72. ஆறடி ஆள் உங்கள் கட்டைவிரலின் மேல்கணு உயரத்துக்கு வந்து நிற்பார். அடியும் அங்குலமும் புழங்கியவர்கள் வைத்த கணக்கு என்பதால்தான் எழுபது என்றோ நூறு என்றோ இல்லாமல் 72.

அடுத்து, நூற்றுப்பத்து பக்கத்தை என்ன செய்வது? வரலாற்று அத்தியாயங்களை அப்படியே எடுத்து ஓரமாக வையுங்கள். கிழித்துப் போட வேண்டாம், தேவைப்படும். புத்தகம் முழுக்க ஒரே ஒரு மாடலைச் செய்யுங்கள். பெட்டியைத் திறப்பதில் தொடங்கி அலமாரியில் வைப்பது வரை அந்த நாட் மட்டும் போதும். உள்ளங்கையில் அடங்கும் விமானம். அந்தந்த வேலை வரும்போது அதற்குரிய வரலாறும் கருவியும் தானே உள்ளே வரும்.

உதாரணமாக, பெட்டியைத் திறந்து பாகங்கள் தொங்கும் சட்டத்தைக் கையில் எடுக்கிறீர்கள். ஸ்கேல் மாடல் செய்யும் ஏர்ஃபிக்ஸ் பற்றிச் சொல்ல இதுதான் இடம். 1939-இல் லண்டனில் காற்றடைக்கும் ரப்பர் பொம்மைகளோடு தொடங்கிய நிறுவனம் அது. பிறகு இன்ஜெக்‌ஷன் மெஷினில் பிளாஸ்டிக் சீப்பு அடித்துக்கொண்டிருந்தார்கள். 1949-இல் ஃபெர்குசன் டிராக்டர் விற்பனையாளர்கள் கையில் வைத்துக் காட்டுவதற்காக ஒரு குட்டி டிராக்டர் செய்து கொடுத்தார்கள். 1952-இல் கோல்டன் ஹைண்ட் கப்பலைப் பாகம் பாகமாகப் பையில் போட்டு, இரண்டு ஷில்லிங் விலையில், உல்வொர்த் கடைகளில் விற்றார்கள். ஒரு மோல்டிங் பட்டறையின் கதை இது. அதே மாதிரிப் பட்டறையில் நிற்கும் உங்களைவிட இதை யார் நன்றாகச் சொல்ல முடியும்?

டாங்கி மாடல்களின் 1/35 கதையையும் விட்டுவிடாதீர்கள். 1960-களின் தொடக்கத்தில் ஜப்பானின் ஷிசுவோகா நகரத்துத் தமியா நிறுவனம் ஜெர்மன் பாந்தர் டாங்கியைச் செய்தது. அது ஓட வேண்டும். அதற்கு மோட்டாரும் பேட்டரியும் வயிற்றுக்குள் அடங்க வேண்டும். அடங்குகிற மாதிரி செய்துவிட்டு அளந்து பார்த்தால் கிட்டத்தட்ட 1/35. டாங்கி நன்றாக விற்றது, அடுத்தடுத்து வந்தவையும் அதே அளவில் வந்தன. இன்று மற்ற நிறுவனங்களும் பெரும்பாலும் அதே அளவில்தான் டாங்கி செய்கின்றன.

வீடியோ பற்றி உங்கள் நண்பர் கேட்டது நியாயமான கேள்வி. கையின் அசைவைக் காட்டுவதில் எழுத்து வீடியோவோடு போட்டி போட முடியாது, முயலவும் வேண்டாம். ஆனால் விமானத்தின் இரண்டு பாதி உடலையும் ஒட்டுகிற வேலையை எடுத்துக்கொள்ளுங்கள். பசை பிளாஸ்டிக்கை இளக்குகிறது. இரண்டு விளிம்பிலும் தடவி, கொஞ்சம் விட்டு, சேர்த்து அழுத்தினால் இளகிய பிளாஸ்டிக் இணைப்பு நெடுக மெல்லிய நூல் மாதிரி பிதுங்கும். உடனே துடைக்கக் கை பரபரக்கும். துடைத்தால் அந்த இடம் பள்ளமாகிவிடும். ஒரு நாள் முழுக்க விட்டு, இறுகிய பிறகு சுரண்டினால் இணைப்பு இருந்த இடமே தெரியாது. வீடியோவில் அந்த ஒரு நாள் வெட்டுப்பட்டிருக்கும். எவ்வளவு நேரம் காத்திருப்பது, விரலுக்கு எப்போது தெரியும், அவசரப்பட்டால் என்ன ஆகும் என்பதெல்லாம் எழுத்தில் நன்றாக நிற்கும். உங்கள் வரைவில் இந்த வேலை ஒரே வரியில் முடிந்திருந்தால் அங்கே நாலு பக்கம் எழுதுங்கள்.

கெட்டுப்போன மாடல்களையும் எழுத வேண்டும். கல்லூரி நாட்களில் நானும் சில விமானங்கள் செய்திருக்கிறேன். மூன்று வாரம் உழைத்த ஒரு ஸ்பிட்ஃபயரில், கடைசி வேலையாக விமானி தலைக்கு மேல் வரும் கண்ணாடி மூடியைச் சூப்பர் க்ளூ வைத்து ஒட்டினேன். காலையில் பார்த்தால் உள்பக்கம் முழுக்க வெள்ளையாகப் பனி படிந்தது மாதிரி இருந்தது. அந்தப் பசையின் ஆவி தெளிவான பிளாஸ்டிக்கில் அப்படிப் படியும் என்று எனக்குச் சொல்ல ஆள் இல்லை, கையில் புத்தகமும் இல்லை. உள்ளே நான் நுணுக்கமாக வரைந்திருந்த கருவிப் பலகை அதற்கப்புறம் கண்ணில் படவே இல்லை. இன்னும் மனசில் இருக்கிறது. அப்படி ஒரு பையனுக்காக எழுதுங்கள்.

நீங்கள் மட்டுமே எழுதக்கூடிய விஷயம் ஒன்று இருக்கிறது. பாகங்களின் உள்பக்கம் வட்ட வட்டமாகத் தடம் இருக்கும். மாடல் செய்கிறவர்கள் அதைத் திட்டிக்கொண்டே தேய்ப்பார்கள். அது எஜெக்டர் பின் அச்சிலிருந்து பாகத்தைத் தள்ளிய தடம் என்று உங்களுக்குத் தெரியும். டை செய்தவர் அந்தப் பின்னை ஏன் அங்கே வைத்தார், வேறு எங்கே வைத்திருக்கலாம், தடித்த இடத்தில் மட்டும் மேல்பரப்பு ஏன் குழி விழுகிறது என்று ஒரு டை மேக்கர் எழுதிப் படித்தால் எனக்குப் பெரிய சந்தோஷம். இன்னொரு கணக்கும் சொல்லுங்கள். மாடலின் சுவர் ஒரு மில்லிமீட்டர் தடிமன் என்றால், நிஜ விமானத்தின் கணக்கில் அது ஏழு சென்டிமீட்டருக்கும் மேல். நிஜத்தில் மேல்தகடு சில மில்லிமீட்டர்கூட வராது. இறக்கையின் பின்விளிம்பை ஏன் அவ்வளவு பொறுமையாகத் தேய்த்து மெலிதாக்குகிறோம் என்று அதோடு புரிந்துவிடும்.

சரி, சொற்கள். இதற்கு அகராதியைத் தேட வேண்டியதில்லை, உங்கள் பட்டறையில் காது கொடுத்தால் போதும். ஸ்ப்ரூ, அதாவது பாகங்கள் தொங்கும் அந்தச் சட்டத்துக்கு, அங்கே ரன்னர் என்பீர்கள். அப்படியே எழுதுங்கள், ஜப்பானியர்களும் ரன்னர் என்றுதான் சொல்கிறார்கள். ஃப்ளாஷ் நமக்குப் பிசிறு. ஃபில்லர் வைத்துத் தேய்ப்பதற்குக் கார் டிங்கரிங் கடையில் பட்டி பார்ப்பது என்பார்கள், அதைவிட நல்ல சொல் கிடைக்காது. உப்புத்தாள், வாட்டர் பேப்பர், அரம் எல்லாம் எல்லோரும் புழங்குகிறவை. டெக்காலுக்கு மட்டும் முதல் தடவை வரும்போது, வெதுவெதுப்பான நீரில் ஊறவைத்து நழுவவிடும் படம் என்று சொல்லிவிட்டு டெக்கால் என்றே போங்கள்.

நம் ஊர்த் தட்பவெப்பத்தையும் எழுதுங்கள். மழைக்காலத்தில் லாக்கர் ஸ்ப்ரே செய்தால் காற்றின் ஈரம் படிந்து பெயின்ட் வெளுத்துப் போகும். சித்திரை வெயிலில் அக்ரிலிக் பெயின்ட், அதைத் தெளிக்கும் ஏர்பிரஷ்ஷின் ஊசிமுனையிலேயே காய்ந்து அடைத்துக்கொள்ளும். மின்விசிறியைப் போட்டால் தூசி, நிறுத்தினால் வேர்வை மாடல் மேல் சொட்டுகிறது. பதினெட்டு வருடமாக நீங்கள் இதற்கெல்லாம் ஏதோ வழி வைத்திருப்பீர்கள். அது வேண்டும்.

நாட் என்றதும் எனக்கு ஒன்று தோன்றியது. 1971 டிசம்பர் 14 அன்று ஸ்ரீநகரில், பாகிஸ்தானின் ஆறு சேபர் விமானங்கள் தாக்க வந்தபோது தனியாக எதிர்த்துப் போரிட்டு உயிர்விட்ட நிர்மல் ஜித் சிங் சேகோன் ஓட்டியது நாட். விமானப்படையில் பரம வீர் சக்கரம் பெற்றவர் அவர் ஒருவர்தான். அவர் இருந்த 18-ஆவது படைப்பிரிவு 2020-இல் உங்கள் ஊர்ப் பக்கத்தில், சூலூரில், தேஜஸ் விமானங்களோடு மறுபடி தொடங்கப்பட்டது. நீங்கள் மேஜையில் நாட் மாடலுக்கு டெக்கால் ஒட்டும்போது அதே படைப்பிரிவின் தேஜஸ் மேலே போயிருக்கலாம். இதை வரலாற்று அத்தியாயத்தில் போட வேண்டாம், டெக்கால் ஒட்டுகிற இடத்தில் வையுங்கள்.

முதலில் அந்த ஒட்டும் வேலையை எழுதி அனுப்புங்கள், படித்துச் சொல்கிறேன். அப்புறம், அப்பாவின் ஸ்கேல் இன்னும் வீட்டில் இருக்கிறதா? இருந்தால் பள்ளிக்கூட ஸ்கேல் ஒன்றை அதன் பக்கத்தில் வைத்து, பன்னிரண்டாவது அங்குலத்தில் இரண்டு கோடுகளும் விலகி நிற்கும் இடத்தைக் கிட்டத்தில் படம் எடுத்து வையுங்கள். அட்டைக்கு அதுவே போதும்.

அன்புடன்.