பஸ் காசு வாங்காத அக்கா

கேள்வி: அப்பா விட்டுப்போன ரப்பர் தோட்டத்தை விற்றதில் 60 லட்சம் வந்தது. கர்த்தர் தந்த ஆசீர்வாதம். அறுப்பின் பண்டிகையில் தசமபாகத்தை, அதாவது பத்தில் ஒரு பங்கை, ஸ்தோத்திரக் காணிக்கையாகக் கொடுக்க நினைக்கிறேன். மொத்தத் தொகைக்கும் கணக்குப் போட வேண்டும் என்கிறாள் மனைவி. வரியும் புரோக்கர் கமிஷனும் போக மிச்சத்துக்குக் கொடுத்தால் போதும் என்கிறேன் நான். வேதத்தின்படி எது சரி? அப்பா அம்மா இருவரும் இல்லை. அக்காவால் ஒரு பிரச்சினையும் இல்லை. 1995-லேயே 25 பவுன் போட்டுக் கட்டிக்கொடுத்தாச்சு. பத்திர ஆபீசுக்கு வந்து, சொத்தில் பங்கு வேண்டாம் என்ற விடுதலைப் பத்திரத்தில் மறுபேச்சு இல்லாமல் கையெழுத்துப் போட்டுவிட்டுப் போனாள். பஸ்ஸுக்குக் காசு கொடுத்தேன், அதைக்கூட வாங்கவில்லை.
- மார்த்தாண்டம் வாசகர்

பதில்: தம்பி, மொத்தத்துக்கா மிச்சத்துக்கா என்ற கேள்வி வருஷம் தவறாமல் இந்தப் பகுதிக்கு வருகிறது. அதைக் கடைசியில் பார்ப்போம். எனக்கு அந்தப் பஸ் காசு போதும்.

எவ்வளவு நீட்டினீர்கள்? நூறா, இருநூறா? அவள் வாங்காததை ஏதோ அவளுடைய நல்ல குணத்துக்கு அத்தாட்சி மாதிரி எழுதியிருக்கிறீர்கள். நானும் அப்படி ஒரு கையெழுத்துப் போட்டவள்தான். பேனாவைக் கொடுத்த என் தம்பி என் முகத்தைப் பார்க்கவில்லை. வெளியே வந்ததும், "டீ குடிக்கிறியா அக்கா?" என்றான். வேண்டாம் என்றேன். குடித்திருந்தால் கணக்கு அதோடு தீர்ந்ததாக ஆகியிருக்கும்.

அக்காமார் ஏன் கையெழுத்துப் போடுகிறார்கள் தெரியுமா? பிறந்த வீட்டு வாசல் அடைபட்டுவிடக் கூடாது என்று. நாளைக்குப் பிள்ளைக்கு ஒரு நல்லது நடந்தால் தாய்மாமன் வந்து நிற்க வேண்டுமே என்று. அந்தப் பயத்தைச் சம்மதம் என்று எழுதிக்கொள்ளாதீர்கள்.

25 பவுனை நீங்களா போட்டீர்கள்? அப்பா போட்டார். உங்களைப் படிக்கவைத்ததும் அப்பாதானே? அந்தச் செலவை யாராவது உங்கள் பங்கில் கழித்தார்களா? ஒட்டுப்பால் பொறுக்கவும் ஷீட் காயப்போடவும் சின்ன வயதில் அந்தத் தோட்டத்துக்கு யார் யார் போனீர்கள் என்பது எனக்குத் தெரியாது. உங்களுக்குத் தெரியும்.

சட்டம் பேசுவீர்கள் என்பதால் அதையும் சொல்லிவிடுகிறேன். 1956-இல் தமிழகத்தோடு சேரும்வரை உங்கள் பகுதி திருவிதாங்கூர் பக்கம். அங்கே 1916-இல் கிறிஸ்தவர்களுக்கென்று வந்த வாரிசுச் சட்டம், உயில் இல்லாத தகப்பன் சொத்தில் மகளுக்கு மகன் பங்கில் கால்வாசி, அல்லது 5,000 ரூபாய், இரண்டில் எது குறைவோ அது என்றது. சீதனம் கொடுத்தாகிவிட்டால் அதுவும் கிடையாது. கோட்டயத்து மேரி ராய் உச்ச நீதிமன்றம் வரை போய் வழக்காடினார். 1925-ஆம் வருஷத்து இந்திய வாரிசுரிமைச் சட்டம்தான் செல்லும், மகனுக்கும் மகளுக்கும் சம பங்கு என்று 1986-இல் முடிவானது. நீதிமன்றம் தூக்கிப்போட்ட சீதனக் கணக்கை நீங்கள் விடுதலைப் பத்திரமாக எடுத்து வைத்திருக்கிறீர்கள். பத்திரம் செல்லும், அக்கா கோர்ட்டுக்குப் போகப்போவதும் இல்லை. ஆனால் நீங்கள் என்னிடம் கேட்டது வேதத்தின்படி எது சரி என்று.

வேதத்தில் மத்தேயு 5-ஆம் அதிகாரம் இருக்கிறது. காணிக்கையோடு பலிபீடத்துக்கு வந்தவனுக்கு, தன்மேல் சகோதரனுக்குக் குறை இருப்பது அங்கே நினைவு வந்தால், காணிக்கையை அப்படியே வைத்துவிட்டுப் போய் முதலில் ஒப்புரவாகச் சொல்கிறார் இயேசு. அக்கா ஒன்றும் சொல்லவில்லையே என்பீர்கள். அவள் வந்து சண்டை போட்டால் என்று வசனத்தில் இல்லை, உங்களுக்கு நினைவு வந்தால் என்றுதான் இருக்கிறது. உங்களுக்கு வந்திருக்கிறது. இல்லாவிட்டால் தசமபாகக் கேள்வியில் பஸ் காசு எதற்கு?

அதே மத்தேயு 23-இல், வெந்தயத்துக்கும் சீரகத்துக்கும் தசமபாகம் எண்ணிக் கொடுத்துவிட்டு நீதியை விட்டுவிட்டவர்களுக்கு என்ன கிடைத்தது என்றும் படித்துப் பாருங்கள். இத்தனை ஞாயிற்றுக்கிழமை ஆலயத்துக்குப் போய்வந்து இதை நான் எழுதவேண்டி இருக்கிறது!

சரி, உங்கள் கணக்கு. நீங்கள் இருவர்தான் பிள்ளைகள் என்றால் 60 லட்சத்தில் 30 லட்சம் அக்காவுடையது. வரியையும் கமிஷனையும் இரண்டு பங்கிலும் சரிசமமாகக் கழியுங்கள், அதில் தப்பில்லை. உடன்பிறந்தவர் தரும் பணத்துக்கு அவள் வருமான வரி கட்ட வேண்டியதில்லை, அதனால் அந்தச் சாக்கும் வேண்டாம். தசமபாகம் உங்களுடைய 30 லட்சத்துக்குத்தான். 6 லட்சம் கொடுத்தால் அதில் பாதி அக்கா காசு, அதை உங்கள் பெயரில் ரசீது போட்டு வாங்குவீர்கள். 3 லட்சம் கொடுங்கள். உங்கள் மனைவி சொல்வதுதான் எனக்கும் சரியாகப் படுகிறது. நன்றி சொல்லப் போகிறவன் கமிஷனைக் கழித்துக்கொண்டா போவான்?

பண்டிகைக்கு முன்னால் அக்கா வீட்டுக்குப் போங்கள். செக்கைத் தபாலில் அனுப்பாதீர்கள். மனைவியையும் கூட்டிப்போங்கள். அக்கா வேண்டாம் என்பாள், இரண்டு தடவை சொல்வாள். அதைக் கேட்டுத் திரும்பிவந்து, "அக்கா வாங்கவில்லை" என்று எனக்கு இன்னொரு கடிதம் எழுதாதீர்கள். பாங்கு பாஸ்புக்கைக் கேட்டு வாங்கி, அவள் கணக்கில் போட்டுவிட்டு வாருங்கள். அப்புறம், டீ போட்டுக் கொடுத்தால் உட்கார்ந்து குடியுங்கள்.