கடிதத்தின் கடைசியிலிருந்து தொடங்குகிறேன்

கேள்வி: என் வயது 34. நாலு மாதமாக மனசு சரியில்லை. வேலையில் கவனம் நிற்பதில்லை. விடியற்காலை 3 மணிக்கே விழிப்பு வந்துவிடுகிறது. படபடப்பு, கை நடுக்கம், மறதி. இணையத்தில் கேள்விகளுக்குப் பதில் சொல்லிப் பார்த்ததில் இருமுனைக் கோளாறு, கவனக்குறைவுக் கோளாறு இரண்டும் இருக்கலாம் என்று வருகிறது. மனநல மருத்துவரிடம் போகலாமா, கவுன்சலிங் மட்டும் போதுமா? மாத்திரை ஆரம்பித்தால் ஆயுசுக்கும் விட முடியாதாமே? இப்போதைக்கு அக்காவின் தூக்க மாத்திரையில் தினமும் பாதி போட்டுச் சமாளிக்கிறேன். சில நாள் காலையில், கண் விழிக்காமலே போயிருந்தால் நன்றாக இருந்திருக்கும் என்று தோன்றும். மற்றபடி பெரிதாக ஒன்றும் இல்லை.

பதில்: “மற்றபடி” என்பதற்கு முந்தைய வரிதான் பெரிது. நோயாளிகள் சிலர் ஊர்க்கதையெல்லாம் பேசிவிட்டு, எழுந்து போகும்போது கதவில் கை வைத்தபடி “இன்னொண்ணு டாக்டர்...” என்பார்கள். அநேகமாக அதற்காகத்தான் வந்திருப்பார்கள். உங்கள் கடிதமும் அப்படித்தான் இருக்கிறது.

விழிக்காமல் போயிருக்கலாம் என்ற நினைப்பு, சாக வேண்டும் என்று முடிவெடுப்பதற்குச் சமமல்ல. மனச்சோர்வில் பலருக்கும் வருவதுதான். ஆனால் அது ஒரே இடத்தில் நிற்கும் என்று யாரும் உறுதி தர முடியாது. அதனால் நேராகவே கேட்கிறேன். உயிரை விடுவது பற்றி யோசித்திருக்கிறீர்களா? எப்படி, எப்போது என்று மனம் கணக்குப் போடுகிறதா? இப்படிக் கேட்டால் இல்லாத எண்ணத்தை விதைத்துவிடுவோம் என்பது வீண் பயம். கேட்டதும் நிம்மதியாக அழுதவர்களைத்தான் நான் அதிகம் பார்த்திருக்கிறேன். பதில் “ஆம்” என்றால் அப்பாயின்ட்மென்ட் எல்லாம் வேண்டாம். வீட்டில் ஒருவரிடம் சொல்லி, அவரைக் கூட்டிக்கொண்டு இன்றே மருத்துவமனை அவசரப் பிரிவுக்குப் போங்கள். “இல்லை, அந்த நினைப்பு மட்டும்தான்” என்றால் இந்த வாரத்துக்குள் மனநல மருத்துவர். அடுத்த மாதம் என்று தள்ளாதீர்கள்.

உங்கள் கேள்விக்கான விடையும் இதிலேயே இருக்கிறது. லேசான சோர்வு, குறிப்பிட்ட ஒன்றைக் கண்டு பயம், திடீர்ப் பீதி, குடும்பச் சிக்கல் என்றால் நானே முதலில் பேச்சு சிகிச்சைக்குத்தான் அனுப்புவேன். அது ஏதோ இரண்டாந்தர வைத்தியம் அல்ல. அறிவுரை சொல்லும் இடமும் அல்ல. முறையான பயிற்சி பெற்ற உளவியலாளர் 12 முதல் 20 அமர்வுகளில் வீட்டுப்பாடம் கொடுத்து வேலை வாங்குவார். (பலகை மாட்டியவரெல்லாம் கவுன்சலர் அல்ல. என்ன படித்தார், எங்கே பயிற்சி எடுத்தார் என்று கேட்டுவிட்டே உட்காருங்கள்.) உங்களுக்கோ நாலு மாதம் ஆகிவிட்டது, விடியற்காலையில் தூக்கம் கலைகிறது, வேலை ஓடவில்லை, மேலே அந்த நினைப்பு வேறு. இந்த அளவுக்கு வந்த சோர்வுக்கு மாத்திரையும் பேச்சும் சேர்ந்தால்தான் தனித்தனியாகக் கொடுப்பதைவிட நன்றாகக் கேட்கும். மருத்துவரிடம் முதலில் போகச் சொல்ல இன்னொரு காரணமும் உண்டு. தைராய்டு கோளாறும் ரத்தசோகையும் மனச்சோர்வு வேஷம் போட்டு வரும். எத்தனை மணி நேரம் பேசினாலும் தைராய்டு சரியாகாது. கை நடுக்கத்துக்கும் படபடப்புக்கும் அதுதான் காரணமா என்று ஒரு ரத்தப் பரிசோதனையில் தெரிந்துவிடும். மறதியைப் பற்றிக் கவலையே வேண்டாம். 3 மணிக்கு எழுந்த மூளை எதைத்தான் நினைவில் வைக்கும்?

இணையம் கொடுத்த பட்டங்களுக்கு வருகிறேன். கவனக்குறைவுக் கோளாறு 12 வயதுக்கு முன்பே தலைகாட்டியிருக்க வேண்டும். நாலு மாதத்துக்கு முன் முளைத்தது அதுவல்ல. சோர்வும் அளவு மீறிய உற்சாகமும் மாறி மாறி வரும் இருமுனைக் கோளாறுக்கு ஒரே கேள்வி. எப்போதாவது தொடர்ந்து நாலு நாளாவது 3 மணி நேரம் மட்டும் தூங்கியும் களைப்பே இல்லாமல், ஓயாத பேச்சும் தாறுமாறான செலவுமாக இருந்ததுண்டா? இருந்தால் மருத்துவரிடம் மறக்காமல் சொல்லுங்கள். அப்படிப்பட்டவர்களுக்கு மனச்சோர்வுக்கான மாத்திரையை மட்டும் கொடுத்தால் மனம் எதிர்ப்பக்கம் எகிறிவிடலாம். இல்லையென்றால் அந்தப் பக்கத்தை மூடிவிடுங்கள்.

உங்களைக் கதவருகிலேயே நிறுத்தி வைத்திருப்பது “ஆயுசுக்கும் மாத்திரை” என்ற பயம். சோர்வு மாத்திரை வேலை செய்ய 2 முதல் 4 வாரம் ஆகும். குமட்டல், தலைவலி போன்றவை முதல் வாரமே வந்துவிடும். பலனுக்கு முன் தொல்லை வருவதால்தான் பலர் பாதியில் விடுகிறார்கள். அந்த ஆரம்ப நாட்களில் மனம் இன்னும் கொந்தளித்தால் மட்டும் உடனே மருத்துவரைக் கூப்பிடுங்கள். குணமான பிறகு குறைந்தது 6 மாதம் தொடர்ந்து, அப்புறம் மெல்லக் குறைத்து நிறுத்துவோம். திரும்பத் திரும்ப வருபவர்களுக்கு நீளும், அதை மறைக்கவில்லை. சட்டென்று விட்டால் தலைசுற்றலாம், மின்சாரம் தட்டியதுபோல் இருக்கலாம். அது அடிமைத்தனம் இல்லை. டோஸ் ஏற்றிக்கொண்டே போகச் சொல்லும் ஏக்கம் அதில் கிடையாது.

அந்த ஏக்கம் எதில் உண்டு தெரியுமா? நீங்கள் அக்காவிடம் வாங்கிப் போடுகிறீர்களே, அதில். பெயர் எழுதவில்லை. ஆனால் தூக்கத்துக்கென்று வீடுகளில் புழங்குவதில் பெரும்பாலானவை பென்சோடையசெபின் வகை. சில வாரத்திலேயே உடம்பு பழகிவிடும். மனநல மருத்துவர் கொடுப்பதற்குப் பயந்துகொண்டு, பயப்பட வேண்டியதை எந்தச் சீட்டும் இல்லாமல் விழுங்கிக்கொண்டிருக்கிறீர்கள்! அதற்காக இன்றே முழுதாக நிறுத்தவும் வேண்டாம். தினமும் போட்டுவந்ததைத் திடீரென்று விட்டால் வலிப்புகூட வரலாம். எத்தனை நாளாக, எவ்வளவு என்பதை மருத்துவரிடம் சொல்லுங்கள். குறைக்கும் கணக்கை அவர் போடட்டும்.

அதுவரை மாத்திரை அட்டை உங்கள் தலைமாட்டில் இருக்கக் கூடாது. இன்றிரவே அக்காவிடம் கொடுத்துவிடுங்கள், அன்றன்றைக்குரியதை அவர் கையால் தரட்டும். ஏன் என்று கேட்பார். எனக்கு எழுதிய அந்த வரியை அவரிடமும் சொல்லுங்கள்.