சம ஊதியச் சட்டம் இருந்தும் பெண்களுக்குச் சம்பளம் ஏன் குறைகிறது? இடஒதுக்கீடு அதைச் சரிசெய்யுமா?

சட்டம் இருக்கிறது, சரி. ஆனால் பக்கத்தில் இருப்பவர் என்ன வாங்குகிறார் என்றே தெரியாதபோது எதை வைத்து வழக்குப் போடுவது? அமெரிக்காவில் 1963-லேயே சம ஊதியச் சட்டம் வந்துவிட்டது. அங்கே ஒரு டயர் தொழிற்சாலையில் மேற்பார்வையாளராக இருந்த லில்லி லெட்பெட்டருக்கு மாதம் 3,727 டாலர். அதே பொறுப்பில் இருந்த ஆண்களில் மிகக் குறைவாக வாங்கியவருக்கே 4,286 டாலர். பெயரில்லாத ஒரு துண்டுச்சீட்டு கைக்கு வந்த பிறகுதான் அவருக்கு விஷயமே தெரிந்தது. புகார் கொடுப்பதற்கான 180 நாள் கெடு தாண்டிவிட்டது என்று 2007-ல் உச்ச நீதிமன்றம் கைவிரித்தது. எவ்வளவு பெரிய அநியாயம்! 2009-ல் சட்டத்தையே திருத்த வேண்டியதாயிற்று.

இடஒதுக்கீடு கதவைத் திறக்கும், அது அவசியம்தான். உள்ளே போன பிறகு என்ன சம்பளம் என்பதை அது தீர்மானிப்பதில்லை. நார்வேயில் நிறுவனங்களின் இயக்குநர் குழுக்களில் பெண்களுக்கு 40 சதவீத ஒதுக்கீடு கொண்டுவந்தார்கள். குழுக்கள் மாறின, கீழ்மட்டப் பெண்களின் சம்பளம் அதனால் பெரிதாக உயரவில்லை.

அப்புறம் குழந்தை. ஒரே தொழிலில் இருக்கும் ஆணுக்கும் பெண்ணுக்கும் இடையே முதல் குழந்தைக்குப் பிறகுதான் இடைவெளி விரிகிறது என்று 2023-ல் பொருளாதாரத்துக்கான நோபல் பெற்ற கிளாடியா கோல்டின் காட்டினார்.

என்னைக் கேட்டால், ஐஸ்லாந்து 2018-ல் செய்ததுதான் சரியான வழி: 25 பேரோ அதற்கு மேலோ வேலை செய்யும் இடங்களில், சமமாகக் கொடுக்கிறோம் என்று நிறுவனமே நிரூபிக்க வேண்டும்.