ஒரு நகரப் பல்கலைக்கழகத்தின் வரலாற்றில் எவை மைல்கற்கள்?

ஒரு நகரத்தின் பொதுப் பல்கலைக்கழகம் பல பத்தாண்டுகளில் வளர்ந்த கதையை எழுதும்போது எந்த நிகழ்வுகளை மைல்கற்களாகக் கொள்ளலாம் என்று கேட்டிருக்கிறீர்கள். நல்ல எடுத்துக்காட்டு ஒன்றையும் கேட்டிருக்கிறீர்கள். பல்கலைக்கழகங்களின் விழா மலர்களை விரும்பிப் படிப்பவன் நான். அவற்றில் பெரும்பாலானவை அடிக்கல் நாட்டு விழா, புதிய கட்டடங்கள், துணைவேந்தர்களின் வரிசை, தொடங்கப்பட்ட துறைகள் என்றே நகரும். இவையெல்லாம் பதிவாக வேண்டியவைதாம். ஆனால், மக்களின் வரிப்பணத்தில் ஒரு நகரத்துக்காகவே நடக்கும் பல்கலைக்கழகத்துக்கு இவற்றைவிட முக்கியமான ஆண்டுகள் உண்டு. யார் உள்ளே வரலாம், அதற்கான செலவை யார் ஏற்பது, வந்தவர் பட்டம் பெறும்வரை அவருக்கு என்ன துணை என்ற மூன்று கேள்விகளுக்கும் விடை மாறிய ஆண்டுகளையே நான் மைல்கற்கள் என்பேன். நியூயார்க் நகரப் பல்கலைக்கழகத்தை வைத்து இதை விளக்குகிறேன். (நியூயார்க் பல்கலைக்கழகம் என்ற தனியார் நிறுவனம் வேறு.)

தொடக்கமே ஒரு வாக்கெடுப்பு. 1847-இல் நகரக் கல்வி வாரியத்தின் தலைவராக இருந்த டவுன்சென்ட் ஹாரிஸ் என்ற வணிகர், பொதுப் பள்ளியில் படித்த பிள்ளைகளுக்கு ஊர்ப் பணத்தில் ஓர் உயர்கல்வி நிலையம் வேண்டும் என்று வாதாடினார். பணக்காரப் பிள்ளைகளும் ஏழைப் பிள்ளைகளும் அருகருகே அமர வேண்டும், உழைப்பும் ஒழுக்கமும் அறிவும் தவிர வேறு எந்த வேறுபாடும் அங்கே இருக்கக் கூடாது என்பது அவர் கருத்து. நகர வாக்காளர்கள் பெரும்பான்மையாக அதை ஏற்றார்கள். 1849 ஜனவரியில் 'ஃப்ரீ அகாடமி' என்ற பெயரில் அது திறந்தபோது, அதன் முதல் தலைவர் ஹொரஸ் வெப்ஸ்டர் இதை ஒரு சோதனை என்றே குறிப்பிட்டார்: எல்லா மக்களின் பிள்ளைகளுக்கும் உயர்கல்வி அளிக்க முடியுமா, உயர்ந்த தரமுள்ள ஒரு நிறுவனத்தைச் சலுகை பெற்ற சிலருடைய விருப்பத்தால் அன்றி மக்கள் விருப்பத்தால் நடத்த முடியுமா என்பதைப் பார்க்கும் சோதனை. கல்விக் கட்டணம் கிடையாது. 1866-இல் பெயர் மாறி, பிறகு சிட்டி கல்லூரி என்று அறியப்பட்ட இந்த நிறுவனத்திலும், அதனோடு சேர்ந்து வளர்ந்த பிற கல்லூரிகளிலும், முழுநேர இளநிலை மாணவர்களுக்கு அந்த நிலை ஒரு நூற்றாண்டுக்கு மேல் நீடித்தது.

'எல்லா மக்களும்' என்ற சொல்லில் அன்று பெண்கள் அடங்கவில்லை என்பதை மறைக்காமல் எழுத வேண்டும். ஆசிரியைகளை உருவாக்குவதற்காக 1870-இல் தாமஸ் ஹன்டர் தொடங்கிய பெண்கள் பயிற்சிக் கல்லூரிதான் பின்னர் ஹன்டர் கல்லூரி ஆயிற்று. சிட்டி கல்லூரியின் கலை, அறிவியல் இளநிலை வகுப்புகள் பெண்களுக்குத் திறக்க 1951 வரை ஆயிற்று. இதற்கிடையில் ஹன்டரில் 1937-இல் வேதியியல் பட்டம் பெற்ற கெர்ட்ரூட் எலியனும், 1941-இல் இயற்பியல் பட்டம் பெற்ற ரோசலின் யாலோவும் பிற்காலத்தில் மருத்துவத்துக்கான நோபல் பரிசு பெற்றார்கள்.

1907-இல் சிட்டி கல்லூரி ஹார்லெம் பகுதியை ஒட்டிய மேட்டுக்கு இடம்பெயர்ந்தது. கட்டடங்களைப் பற்றி அதிகம் பேச வேண்டாம் என்று நினைத்தாலும், இதை மட்டும் சொல்லாமல் விட மனம் வரவில்லை. கட்டடக்கலைஞர் ஜார்ஜ் போஸ்ட் வடிவமைத்த அந்த கோதிக் பாணிக் கட்டடங்களின் கரிய சுவர்கள், நகரத்தின் சுரங்க ரயில் பாதைக்காகத் தோண்டியபோது கிடைத்த பாறையால் ஆனவை. அதே சுரங்க ரயிலில்தான் அடுத்த அறுபது ஆண்டுகளும் மாணவர்கள் வந்து போனார்கள். பெரும்பாலோருக்கு விடுதி கிடையாது. வீட்டில் தங்கி, வேலையும் பார்த்துக்கொண்டு படித்தார்கள்.

1920-களிலும் 30-களிலும் பெயர்பெற்ற தனியார் பல்கலைக்கழகங்கள் யூத மாணவர்களின் எண்ணிக்கைக்கு வரம்பு விதித்தன. கிழக்கு ஐரோப்பாவிலிருந்து வந்து தையற்கூடங்களில் உழைத்தவர்களின் பிள்ளைகள் சிட்டி கல்லூரியில் நிறைந்ததற்கு இது ஒரு முக்கியக் காரணம். 'ஏழைகளின் ஹார்வர்டு' என்று மக்கள் அதை அழைத்தது இக்காலத்தில்தான். உணவுக்கூடத்தின் ஒரு மாடப்பகுதியில் ஸ்டாலினை எதிர்த்த இடதுசாரி மாணவர்களும் அடுத்ததில் கம்யூனிஸ்டுகளும் மணிக்கணக்கில் வாதிட்டார்கள். பின்னாளில் பெயர்பெற்ற இலக்கிய விமர்சகர் இர்விங் ஹோவ், சமூகவியலாளர்கள் டேனியல் பெல், நேதன் கிளேசர் முதலியோர் முதல் மாடத்துக்காரர்கள். போலியோத் தடுப்பூசியைக் கண்டறிந்த ஜோனஸ் சால்க் 1934-இல் இங்கே பட்டம் பெற்றவர். புரூக்ளின் கல்லூரி 1930-இலும் குயின்ஸ் கல்லூரி 1937-இலும் தொடங்கின. 1961-இல் மாநிலச் சட்டம் ஒன்று இக்கல்லூரிகளையெல்லாம் ஒரே பல்கலைக்கழகமாக்கி, முனைவர் பட்டம் வழங்கும் உரிமையையும் தந்தது. ஆவணங்களின்படி பல்கலைக்கழகத்தின் பிறந்த ஆண்டு அதுவே.

என் பார்வையில் மிகக் கனமான தேதி 1969 ஏப்ரல் 22. அதற்குள் நகரத்தின் முகம் மாறிவிட்டிருந்தது. ஆயினும் மேட்டின் அடிவாரத்தில் கறுப்பின மக்கள் மிகுதியாக வாழ்ந்த ஹார்லெம் இருக்க, மேலே இருந்த சிட்டி கல்லூரியில் கறுப்பின மாணவர்களும், கரீபியத் தீவான புவெர்ட்டோ ரிக்கோவைச் சேர்ந்த குடும்பங்களின் மாணவர்களும் சிறுபான்மையாகவே இருந்தனர். கட்டணம் இல்லை என்பது உண்மை. ஆனால் சேர்க்கைக்கான மதிப்பெண் ஏறிக்கொண்டே போனதால், வசதியற்ற பள்ளிகளில் படித்தவர்களுக்குக் கதவு மூடியே கிடந்தது. அன்று அம்மாணவர்கள் தென்வளாகத்தைக் கைப்பற்றி ஐந்து கோரிக்கைகளை முன்வைத்தார்கள். நகரப் பள்ளிகளின் இன விகிதம் கல்லூரிச் சேர்க்கையிலும் தெரிய வேண்டும் என்பது அவற்றுள் ஒன்று. கல்லூரி சுமார் இரண்டு வாரம் முடங்கியது. அதன் தலைவர் பதவி விலகினார். 1975-க்கென்று திட்டமிட்டிருந்த திறந்த சேர்க்கையை, பல்கலைக்கழகத்தை நடத்திய உயர்கல்வி வாரியம் 1970-க்கே முன்னெடுத்தது. நகரத்தில் பள்ளி இறுதி முடித்த எவருக்கும் பல்கலைக்கழகத்தின் ஏதேனும் ஒரு கல்லூரியில் இடம் உண்டு என்பதே அதன் பொருள். 1969-இல் சுமார் 20,000 ஆக இருந்த முதலாண்டுச் சேர்க்கை ஒரே ஆண்டில் சுமார் 35,000 ஆயிற்று. போராடியவர்கள் கறுப்பின, புவெர்ட்டோ ரிக்க மாணவர்கள் என்றாலும், புதிதாக இடம் பெற்றவர்களில் இத்தாலிய, ஐரிஷ் தொழிலாளர் குடும்பத்துப் பிள்ளைகளும் பெருந்தொகையாக இருந்தனர். இதை நான் வலியுறுத்திச் சொல்வதற்குக் காரணம், திறந்த சேர்க்கையைப் பற்றிய விவாதங்களில் இந்த உண்மை அடிக்கடி விடுபட்டுப் போவதுதான்.

வந்தவர்களில் பலருக்கு ஒரு பத்தியைப் பிழையின்றி எழுத வரவில்லை. 'தரம் போய்விட்டது' என்ற குரல் உடனே எழுந்தது. சிட்டி கல்லூரியில் அடிப்படை எழுத்துப் பயிற்சித் திட்டத்தை நடத்திய மினா ஷாஹ்னசி அந்தக் குரலுக்கு எதிராக வாதம் செய்வதை விட்டு, விடைத்தாள்களைக் கையில் எடுத்தார். 1970-க்கும் 1974-க்கும் இடையில் புதிய மாணவர்கள் எழுதிய சுமார் 4,000 கட்டுரைகளை வரிவரியாக ஆராய்ந்தார். பிழைகள் கண்டபடி விழவில்லை, அவற்றுக்குள் ஓர் ஒழுங்கு இருக்கிறது, மாணவர் ஏதோ ஒரு விதியைத் தாமே ஊகித்துப் பின்பற்றுகிறார், அந்த விதியைக் கண்டுகொண்டால் கற்பிக்கலாம் என்று காட்டினார். கவிஞர்களான ஆட்ரி லார்டும் ஏட்ரியன் ரிச்சும் ஜூன் ஜோர்டனும் அக்காலத்தில் அங்கே, வாய்ப்புக் குறைந்த மாணவர்களுக்கான சிறப்புத் திட்டத்தில் எழுத்துப் பாடம் எடுத்தவர்கள். உங்கள் வரலாற்றில் ஒரு வகுப்பறைக்குள் நுழைந்து பார்க்க இடம் இருந்தால், இந்த வகுப்பறைக்குள் நுழையுங்கள்.

பிறகு வந்தது 1976. நகரம் திவாலாகும் நிலைக்குப் போனது. சம்பளம் கொடுக்கப் பணமின்றிப் பல்கலைக்கழகமே சுமார் இரண்டு வாரம் மூடப்பட்டது. அவ்வாண்டு இலையுதிர்ப் பருவத்திலிருந்து கல்விக் கட்டணம் விதிக்கப்பட்டது. 1847-இல் ஏற்கப்பட்டு 129 ஆண்டுகள் நீடித்த இலவசக் கல்விக் கொள்கை முடிந்தது. ஆசிரியர்கள் பெருமளவில் வேலை இழந்தார்கள். மாணவர் எண்ணிக்கை பல்லாயிரக்கணக்கில் சரிந்தது. நிதி நெருக்கடி உண்மையானது என்பதை நான் மறுக்கவில்லை. ஆனால் மாணவர்களில் மிகப் பெரும்பாலோர் வெள்ளையராக இருந்த காலமெல்லாம், 1930-களின் பொருளாதாரப் பெருமந்தத்தின்போதுகூட, இலவசமாக இருந்த கல்வி, மற்றவர்கள் உள்ளே வந்த ஆறே ஆண்டுகளில் விலைக்கு வந்தது என்பது வேதனையான வரிசை. இதை ஒரு வரலாற்றாசிரியர் மென்று விழுங்கக் கூடாது. நான்காண்டுக் கல்லூரிகளுக்கான நிதிப் பொறுப்பை அடுத்த சில ஆண்டுகளில் மாநில அரசு ஏற்றுக்கொண்டதால் நிறுவனம் பிழைத்தது.

1999-இல் கதவு மீண்டும் இறுகியது. மேயர் ஜூலியானி அமைத்த குழுவின் கடுமையான அறிக்கை வெளிவந்த அதே ஆண்டில், பள்ளிநிலை அடிப்படைப் பாடங்களை மீண்டும் படிக்க வேண்டியிருந்த மாணவர்கள் நான்காண்டுக் கல்லூரிகளில் சேர முடியாது, ஈராண்டுக் கல்லூரிகளில்தான் தொடங்க வேண்டும் என்று ஆயிற்று. நான்காண்டுக் கல்லூரிகளின் மதிப்பு உயர்ந்ததாகப் பலரும் பாராட்டினார்கள். சுமை முழுவதும் ஈராண்டுக் கல்லூரிகளின் தலையில் விழுந்தது. அங்கே மூன்று ஆண்டுகளில்கூடப் பட்டம் முடிக்காதவர்களே மிகுதி.

அங்கேதான் 2007-இல் 'ஏசாப்' என்ற சிறு திட்டம் தொடங்கியது. முழுநேரமாகப் படிக்க வேண்டும் என்பது நிபந்தனை. பதிலுக்கு, உதவித்தொகை போக மீதமுள்ள கட்டணம் தள்ளுபடி, பாடநூல்கள், ரயில் பேருந்துப் பயணச் சீட்டு, அடிக்கடி சந்திக்க வேண்டிய ஓர் ஆலோசகர். மற்ற மாணவர்களுக்கு 600 முதல் 1,500 பேருக்கு ஓர் ஆலோசகர் என்றிருந்தபோது, இத்திட்டத்தில் 60 முதல் 80 பேருக்கு ஒருவர். அடிப்படைப் பாடங்கள் தேவைப்பட்ட, குறைந்த வருமானக் குடும்பத்து மாணவர்களைக் குலுக்கல் முறையில் இரு குழுக்களாகப் பிரித்து எம்டிஆர்சி என்ற ஆய்வு நிறுவனம் மதிப்பிட்டது. மூன்று ஆண்டுகளில் பட்டம் பெற்றவர்கள் திட்டத்தில் இருந்தவர்களில் 40 சதவீதம், இல்லாதவர்களில் 22 சதவீதம். ஒரு மாணவருக்கு ஆகும் செலவு கூடியது. ஆனால் பட்டம் பெற்றோர் பெருகியதால் ஒரு பட்டத்துக்கு ஆன செலவு குறைந்தது.

ஏழைக் குடும்பத்திலிருந்து நடுத்தர நிலைக்கும் அதற்கு மேலும் உயர்ந்தவர்கள், ஐவி லீக் எனப்படும் புகழ்பெற்ற எட்டுத் தனியார் பல்கலைக்கழகங்களையும் டியூக், எம்ஐடி, ஸ்டான்ஃபோர்டு, சிகாகோ ஆகியவற்றையும் கூட்டினாலும் அதைவிடக் கிட்டத்தட்ட ஆறு மடங்கு இந்தப் பல்கலைக்கழகத்தில் இருந்தார்கள் என்று 2017-இல் பொருளியலாளர் ராஜ் செட்டி குழுவினரின் தரவுகள் காட்டியபோது அது பெரிய செய்தியாயிற்று. அந்தச் செய்தியை நீங்களும் சேர்க்கலாம். ஆனால் காலவரிசையைத் தயாரிக்கும்போது 2007-ஐ 1970-உடன் இணைத்தே எழுதுமாறு கேட்டுக்கொள்கிறேன். 1970-இல் உள்ளே வந்தவர்களுக்கு ஆலோசகர்களும் சிறிய வகுப்புகளும் போதிய அளவில் கிடைக்கும் முன்பே பணம் வற்றிவிட்டது. அந்த மாணவர்களைப் போன்றவர்களுக்கு எவ்வளவு துணை தேவைப்பட்டது என்பதை எண்களோடு சொல்லும் சான்று 37 ஆண்டுகள் கழித்துத் தொடங்கிய ஒரு திட்டத்திலிருந்துதான் கிடைத்திருக்கிறது.