வெள்ளம் புகுந்த கிணற்றை எப்போது இறைப்பது?

ஒட்டுசுட்டானிலிருந்து வாசகி ஒருவர் எழுதியிருக்கிறார்: மாரி வெள்ளம் கிணற்றுக்கட்டுக்கு மேலாகப் பாய்ந்ததில் தண்ணீர் தேநீர் நிறமாகி நாறுகிறது, குளோரின் தூளைப் போட்டால் போதுமா, எவ்வளவு போடுவது என்று கேட்கிறார்.

தூள் மட்டும் போதாது. குளோரினின் வலுவைச் சேறும் அழுகிய இலைகுழையும் விழுங்கிவிடுவதால், கலங்கிய நீரில் கொட்டும் தூள் கிருமிகளைச் சென்றடையுமுன்பே செலவாகிவிடும். கலக்கி இறைத்து, சேற்றை வாரிய பிறகே அதற்கு வேலை. ஆனாலும் வளவில் வெள்ளம் நிற்கும்போதே மோட்டரைப் போட்டு ஒட்ட இறைக்க அவசரப்படாதீர்கள். சுற்றியுள்ள மண் நீரூறிக் கனத்திருக்க, உள்ளே நீர் சடுதியாக இறங்கினால், கட்டாத கிணறு இடிந்து விழக்கூடும், கட்டிய கிணற்றிலும் சுவர் பிளக்கலாம். நிலம் வடிந்தபின், இடைவெளி விட்டு விட்டு இறையுங்கள்.

மண்ணெண்ணெயிலோ பெற்றோலிலோ ஓடும் இயந்திரத்தை ஒருபோதும் கிணற்றுக்குள் இறக்கக்கூடாது. அதன் புகையிலுள்ள காபனோரொட்சைட்டுக்கு மணமில்லை. விளக்கை இறக்கிப் பார்க்கும் பழைய வழக்கம் ஒட்சிசன் குறைவைக் காட்டுமே தவிர இந்த நஞ்சைக் காட்டாது. சேறு வார இறங்குபவர் உடலில் கயிறு கட்டியிருக்க வேண்டும். மேலே இருவராவது நிற்க வேண்டும். நெடுநாள் கைவிடப்பட்டிருந்த கிணறாயின், போருக்குப் பின் வன்னிக் கிணறுகளில் வெடிபொருள்கள் கிடைத்ததை மறவாமல், இனந்தெரியாத உலோகம் தட்டுப்பட்டவுடன் வேலையை நிறுத்திப் பொலிசுக்கு அறிவியுங்கள்.

புதிய நீர் ஊறித் தெளிந்ததும் கணக்குக்கு வரலாம். வட்டக் கிணற்றின் விட்டத்தையும் நீரின் ஆழத்தையும் அடிக்கணக்கில் அளந்து, விட்டத்தை அதனாலேயே பெருக்கி, நீரின் ஆழத்தாலும் பிறகு 22ஆலும் பெருக்கினால் ஏறத்தாழ எத்தனை லீற்றர் என்று தெரியும். 10 அடி விட்டமும் 8 அடி நீரும் என்றால் 17,600 லீற்றர். 30 சதவீத வலுவுள்ள தூள் 1,000 லீற்றருக்கு 67 கிராம் வீதம், இக்கிணற்றுக்குச் சுமார் 1 கிலோ 200 கிராம் தேவைப்படும். உடைத்து வைத்து ஈரம் பட்ட பொதி வலுவிழந்திருக்கும். அதை நம்பி அளக்காதீர்கள். பிளாஸ்டிக் வாளித் தண்ணீரில் தூளைச் சிறிது சிறிதாகக் கரைத்து, அடியில் மண்டி தங்கியபின் தெளிந்ததை மட்டும் ஊற்றி, வாளியால் கோலிக் கோலிச் சுவரையும் கழுவுங்கள். குறைந்தது 12 மணித்தியாலம் எவரும் அள்ளாமல் விட்டு, பிறகு குளோரின் மணம் தணியும்வரை இறைத்து, அந்த நீரைத் தோட்டத்துக்கோ குளத்துக்கோ போகாமல் திருப்பிவிடுங்கள்.

பொதுச் சுகாதாரப் பரிசோதகர் மூலம் நீரைச் சோதித்து முடிவு வரும்வரை, குடிக்கும் நீரைக் கொதிக்கவைத்தே பயன்படுத்த வேண்டும். வவுனியாப் பக்கத்து வாசகர்களுக்கு ஒரு சொல்: நிலத்தடி நீரிலுள்ள புளோரைட்டைக் குளோரினும் நீக்காது, கொதிக்கவைப்பதும் நீக்காது, அதற்கு வேறு வடிகட்டி தேவை.