உளவு அமைப்புகள் வெளிநாட்டில் ரகசியமாக ட்ரோன் தாக்குதல் நடத்தலாமா?

கூடாது என்பதே என் பதில். ரகசிய ட்ரோன் போர் என்றால், ஆளில்லா விமானத்திலிருந்து ஏவுகணை வீசி வேற்று நாட்டில் ஆட்களைக் கொல்வது, ஆனால் செய்தது நாங்கள்தான் என்று வெளியே ஒப்புக்கொள்ளாமல் இருப்பது. அமெரிக்காவின் உளவு அமைப்பான சிஐஏ 2002-இல் ஏமனிலும், 2004 முதல் பாகிஸ்தானின் பழங்குடிப் பகுதிகளிலும் இதைச் செய்தது.

சரி, ராணுவத்திடமே விட்டிருக்கலாமே? போர் அறிவிக்காத நாட்டில் ராணுவம் இறங்கினால் ஊரறியப் பதில் சொல்ல வேண்டும். உளவு அமைப்பு செய்தால் இரண்டு அரசுகளும் கைகழுவலாம். 2004-இல் பாகிஸ்தான் பழங்குடிப் பகுதியின் தீவிரவாதத் தலைவர் நேக் முகமது சிஐஏ ட்ரோனால் கொல்லப்பட்டபோது, அது தங்கள் வேலை என்றே பாகிஸ்தான் ராணுவம் சொன்னது.

தண்டையார்பேட்டையில் சீருடை போட்ட போலீஸ் ஒரு பையனைப் பிடித்துப்போனால், எந்த ஸ்டேஷன், என்ன வழக்கு என்று அவன் அம்மா போய்க் கேட்கலாம், வக்கீல் வைக்கலாம். மஃப்டியில் வந்த நாலு பேர் பெயர் சொல்லாமல் கூட்டிப்போய், எல்லா ஸ்டேஷனிலும் "எங்களிடம் இல்லை" என்றால் அவர் எந்த வாசலில் போய் நிற்பார்? அந்தப் பழங்குடிப் பகுதிகளில் ஒன்றான வசிரிஸ்தானில் பிள்ளையைப் பறிகொடுத்தவர்களின் நிலை அதுதான்.

2021 ஆகஸ்ட் 29 அன்று காபூலில் அமெரிக்க ராணுவ ட்ரோன் 7 குழந்தைகள் உட்பட 10 பொதுமக்களைக் கொன்றது. பத்திரிகைகள் துருவியதும், மூன்று வாரத்துக்குள் ராணுவம் தவறை ஒப்புக்கொண்டது. (யாரும் தண்டிக்கப்படவில்லை, அது இன்னொரு கொடுமை.) ரகசியத் தாக்குதலில் அந்த ஒப்புதல் வருவதே அபூர்வம்.

அப்புறம், ட்ரோன் தானாகவே ஆளைத் தேர்ந்தெடுத்துச் சுடுவதாகப் பலர் நினைக்கிறார்கள். இந்தத் தாக்குதல்களில் திரையைப் பார்த்து, இவர்தான் என்று முடிவுசெய்து, ஏவுகணையை ஏவியவர்கள் மனிதர்கள்தான்.